அப்பாவைக் கடத்திக்கொண்டு போன அக்கா

என் அப்பாவை ஒரு பெண் கடத்திக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் நான் மனதார நம்பினேன். அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் மடத்தனத்தின் அளவு புரியும். எண்பதைத் தாண்டியவர். பல் கிடையாது, சொத்து கிடையாது, ஞாபகம் முக்கால்வாசி கிடையாது. குளிக்கக் கூப்பிட்டால் கெட்ட வார்த்தை பேசுவார். பிஸ்கட் கொடுத்தால் தேநீரில் ஊறவைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கொடுத்தவர் கையிலேயே திருப்பி வைப்பார். இவரைக் கடத்துகிறவன் மாலைக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு, கூடவே ஒரு கூடைப் பழமும் வைத்து மன்னிப்புக் கேட்பான். ஆனால் பயந்தவனுக்கு இந்த யோசனையெல்லாம் எங்கே வரும்?

தொலைபேசி வந்தபோது நான் மந்தின் ஊரில் ஒரு கடையின் மாடியில், ஏணிமேல் நின்றபடி, குளிரூட்டிப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தேன். ஏர்கான் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. பேசியது, தம்பின் ஊருக்கு வெளியே அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தை நடத்தும் மேடம். "சார், ஒங்க அப்பாவ அந்த அக்கா வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்கிட்ட கேக்கல. ஃபோன் அடிச்சா எடுக்கல. நீங்களே என்னான்னு பாருங்க." கடைசி வாக்கியத்தின் அழகு எனக்கு அப்போது உறைக்கவில்லை. இல்லத்தில் இருக்கும் ஒருவரைக் காணோம், அவரைத் தேடும் வேலை ஏணிமேல் நிற்கிறவனுக்கு. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு காலில் என் சப்பாத்து, இன்னொரு காலில் கடைக்காரருடைய ஜப்பான் ரப்பர் செருப்பு. நெடுஞ்சாலையில் வேனை ஓட்டிக்கொண்டே மூளை தன் பாட்டுக்கு ஒரு மர்மப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. ரயிலேறியிருப்பார்கள், இந்நேரம் மாநிலத்தையே தாண்டியிருப்பார்கள் என்று அறிவித்தது. தம்பினில் சாலையைக் கடந்தாலே மலாக்கா மாநிலம். காய்கறி வாங்கப் போகிறவர்கள்கூட அங்கே தினமும் மாநிலம் தாண்டுகிறார்கள். அது படத்துக்குத் தேவைப்படவில்லை.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் நம் தமிழ் ஆள், வயதில் சின்னவர். அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்றார், தெரியவில்லை. உயரம் என்ன என்றார், என் உயரத்தைச் சொன்னேன். கடைசியாக, கூட்டிப் போனது யார் என்றார். அவரைப் பார்த்துக்கொள்கிற அக்கா என்றேன். எழுதுகோலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தார்.

"அண்ணே, பாத்துக்கிற அக்கா கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்ப பாத்துக்கிறாங்க லா. இதுல நான் என்னான்னு ரிப்போட் எழுதறது?"

"இல்ல தம்பி, சொல்லாமப் போயிருக்காங்க."

"பெரியவருக்கு ஒடம்பு முடியலையா இருக்கும். ஆஸ்பத்திரில போய்ப் பாத்தீங்களா? அதுக்கு முன்ன ஒரு செருப்பு வாங்கிக்குங்க."

ஆஸ்பத்திரி என்றதும்தான், அப்பாவுக்கு அல்ல, அக்காவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் கொஞ்ச காலமாகவே ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார். குனிந்தால், நிமிர்வதற்கு முன் எதையாவது பிடித்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களைப் பார்க்க வந்து, கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "என்னாக்கா, நகம் வெட்டலையா இன்னும்?" என்று கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் நாங்கள்.

அந்த இல்லம் ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியார் குடியிருந்த வீடு. சுற்றி இருந்த ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையில் பாதியை அழித்து வீடுகள் கட்டி விற்றார்கள். கிராணி வீடு மட்டும் பச்சை வர்ணம் பூசிக்கொண்டு முதியோர் இல்லமானது. வாசல் பலகையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களோ அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பால் வெட்டியும் களை எடுத்தும் தேய்ந்துபோனவர்கள். அவர்களில் என் அப்பா மட்டும் கொஞ்சம் மேலே, அவர் மண்டோர். அதாவது மற்றவர்கள் வேலை செய்யும்போது பின்னால் நின்று அதட்டும் வேலை. ஞாபகமெல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த உத்தியோகத்தை மட்டும் அவர் விடவில்லை. காலையில் எழுந்ததும் பெரட்டுக்கு ஆள் வந்ததா என்பார். தோட்டத்தில் விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக்கு. அக்கா கட்டில் கட்டிலாகப் போய், "எல்லாரும் வந்தாச்சு மண்டோரே" என்பார். அதன் பிறகுதான் அப்பா தேநீரைத் தொடுவார்.

அக்காவும் தோட்டத்துப் பிள்ளைதான். கணவர் போய்விட்டார். குடியிருந்த லயத்து வரிசை வீட்டை, தோட்டம் கைமாறியபோது இடித்துவிட்டார்கள். மகன் ஜொகூரில் ஒரு அறையை நாலைந்து பேரோடு பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறான். அதனால் அக்காவுக்கு இல்லத்திலேயே தங்க இடம். இதை மேடம் ஒரு தானம்போலச் சொல்வார், "தங்கறதுக்கு எடம், சாப்பாடு, எல்லாம் ஃப்ரீ சார்." அந்த ஃப்ரீயான இடம் எதுவென்றால், ஆண்கள் அறைக்கும் பெண்கள் அறைக்கும் நடுவில் உள்ள நடையில் ஒரு மடக்குக் கட்டில். இந்தப் பக்கம் இருமினாலும் எழ வேண்டும், அந்தப் பக்கம் முனகினாலும் எழ வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அக்காவுக்குப் போக வீடு இல்லை, ஆகவே வேலையும் முடிவதில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு மனுஷியை முழுசாக எடுத்துக்கொள்ள முடியும் என்று கண்டுபிடித்தவர், சந்தேகமில்லை, கெட்டிக்காரர்.

கொல்லைப்புறக் கொடியில் எப்போதும் கையுறைகள் காயும். ஒருமுறை போட்டுவிட்டுக் குப்பையில் எறிய வேண்டிய மெல்லிய ரப்பர் கையுறைகள். அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிளிப் மாட்டி, விரல்கள் கீழே தொங்க வரிசையாகக் காயப்போட்டிருப்பார் அக்கா. புதுப் பெட்டி கேட்டால் மேடம், "போன வாரம்தானே கொடுத்தேன்" என்பாராம். எந்தப் போன வாரம் என்று அக்கா கேட்டதில்லை. அதைவிட என்னை இன்றும் கொதிக்க வைப்பது, கூடத்தின் மூலையில் நின்ற ஆள் தூக்கும் இயந்திரம். நடக்க முடியாதவரைத் துணித் தொட்டிலில் வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் இயந்திரம். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. அதன் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரித்ததில்லை. கெட்டுப்போனால் யார் சரி பண்ணுவது என்று மேடம் பயந்தார். புதிதாக ஆளைச் சேர்க்க வரும் குடும்பங்களுக்குக் காட்டும்போது மட்டும் அதைத் தூசி தட்டுவார்கள். தட்டுவதும் அக்காதான். தட்டி முடித்துவிட்டு உள்ளே போய், தன்னைவிடக் கனமான ஒரு பாட்டியை அக்குளில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் முதுகால் தூக்குவார்.

லீவு என்று ஒன்று இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. "ஆள வச்சிட்டுப் போங்க" என்பதுதான் விதி. லீவு வேண்டுமா, பதில் ஆளை அக்காவே தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு நாள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, மறுமுறை அக்காவின் எண்ணைக் கண்டாலே எடுப்பதில்லை. இப்படியே, முதுகைப் படம் பிடித்துப் பார்க்க மருத்துவமனை கொடுத்த தேதிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருதரம் என் எதிரிலேயே அக்கா லீவு கேட்டார். மேடம் கோபிக்கவில்லை, சிரித்தார். "நம்ம எல்லாம் ஒரே குடும்பம்கா. குடும்பத்துல யாராச்சும் லீவு கேப்பாங்களா?" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருமே.

அரசு மருத்துவமனையில் அவர்களைக் கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. அப்பாவின் அதட்டல் வராந்தாவரை கேட்டது. எலும்பு மருத்துவரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அக்கா நாற்காலியின் நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றாமல், மண்டோர்கள் பிடிப்பதுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, அக்காவின் பின்னால் நின்றார். எதிரில் முக்காடு போட்ட இளம் மலாய் மருத்துவர். அந்தப் பெண்ணை அப்பா "துவான்", அதாவது துரை, என்று அழைத்து, தோட்டத்து மலாயில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பொய்ச்சாக்குச் சொல்கிற ஆள் இல்லை துவான், நிஜமாகவே வலி, நான் கண்ணால் பார்த்தேன், இவளை வேலைக்கு அனுப்பாதீர்கள். மருத்துவர் சிரிக்காமல், "சரி பாக்சிக், நான் நம்புகிறேன்" என்று மலாயில் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். நல்ல பெண்.

நான் வாசலில் மூச்சு வாங்க நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கால்களைப் பார்த்தார்.

"யாருய்யா இவன்? இவனுக்கும் சாக்கிட்டா, ஒடம்பு முடியலையா?" என்றார் அக்காவிடம்.

"ஒங்க மவன் மண்டோரே." அக்கா எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. சமையக்காரம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். படம் புடிக்கிற ரூம்புல ஃபோன அடைச்சு வைக்கச் சொன்னாங்க, அப்புறம் தொறக்க மறந்துட்டேன்."

சமையற்காரம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேடத்துக்கு விஷயம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. சமையற்கட்டுக்குப் போவதைவிட எனக்கு ஃபோன் அடிப்பது சுலபம்.

மருத்துவர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதுகுத்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது, மனுஷரைத் தூக்கவே கூடாது. இப்படியே போனால் கால் மரத்துப்போகும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தூக்காம எப்படித் தம்பி?" என்று மட்டும் கேட்டார். தூக்கவில்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் படுக்க அந்த மடக்குக் கட்டிலும் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருத்துவ விடுப்புச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல.

வேனில் வரும்போது மீதிக் கதை வந்தது. அன்றைக்குப் பதில் ஆள் அனுப்புவதாக மேடமே சொல்லியிருந்தாராம், அதிசயமாக. ஆள் வரவில்லை. அக்கா எல்லாரையும் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு, மதியம்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சமையற்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் மண்டோர் மறித்தார்.

"எங்கம்மா போற, வேலைய விட்டுட்டு?"

"ஆஸ்பத்திரிக்கு மண்டோரே. இடுப்பு முடியல."

"தனியாவா? டிரசர் நம்ப மாட்டான். இரு, சட்டையப் போட்டுக்கிட்டு வரேன்."

தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். உடம்பு முடியாதவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனால், மருந்து கொடுக்கும் டிரசர் வேலைக்கு மட்டம் போடுகிறாயா என்று திருப்பி அனுப்புவார். மண்டோர் கூடப் போய் ஆமாம் என்று சொன்னால்தான் நோய் நோயாகும். அப்பாவை மெச்சிக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் மிகக் குறைவாகவே ஆமாம் சொன்ன மண்டோர். காய்ச்சலோடு இருந்த என் அம்மாவையே, மற்ற பெண்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக நிரைக்கு, அதாவது பால் வெட்டும் மர வரிசைக்கு, விரட்டியவர். அந்தத் தோட்டமும் சொர்க்கமில்லை, உடம்பு சுடுகிறது என்பதற்கு ஒரு ஆண்பிள்ளையின் சாட்சி கேட்ட இடம். ஆனால் அந்தக் கேடுகெட்ட இடத்தில்கூட, சாட்சி சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. பெற்ற மகனை யாரென்று தெரியாத கிழவருக்கு, வலியில் நிற்கும் ஒரு வேலைக்காரியைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. எல்லா ஞாபகமும் உள்ள எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். "போயிருந்தா பின்னாடியே ரோட்டுக்கு வந்துருப்பாரு தம்பி. இல்லாட்டி நாக்காலில துணியப் போட்டுக் கட்டி வச்சிருப்பாங்க. அத என்னால பாக்க முடியாது" என்றார். கட்டிவைப்பது எனக்குப் புதுச் செய்தி. அப்பா சன்னல் வழியாகச் செம்பனையைப் பார்த்து, யார் இவ்வளவு களையை விட்டது என்று திட்டிக்கொண்டு வந்தார்.

மேடம் வாசலிலேயே நின்றார். அக்காவின் முதுகு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார் என நான் எதிர்பார்த்தேன். அதுவும் அன்றைய என் மடத்தனங்களில் சேர்த்தி.

"அங்கிளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா யார் பதில் சொல்றது? பாவம் சாரு, வேலைய விட்டுட்டு ஓடி வந்துருக்காரு. எவ்ளோ கோவமா இருக்காரு பாருங்க."

"எனக்குக் கோவம் இல்ல மேடம்," என்றேன். "அப்பா நல்லா இருக்காரு. அக்காவுக்குத்தான் முடியல. தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"நீங்க நல்ல மனுசன், ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. மத்த ஃபேமிலி எல்லாம் கேப்பாங்களே."

"கேட்டா நான் சொல்றேன். அந்த தூக்குற மிசின மொதல்ல பிரிங்க. இன்னொரு ஆளப் போடுங்க."

"சார், இது கம்பெனி இல்ல. குடும்பமா நடத்துற எடம்."

அப்பா நடுவில் வந்தார். தடியால் மேடத்தைச் சுட்டி, "டிரசரு ரெஸ்ட்டு எழுதிட்டாரு. இவ நிரைய வேற ஆளுக்குப் போடு" என்றார். மேடம் அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டி, "அங்கிள் சோ க்யூட்" என்றார். அன்றைக்கு அந்த வாசலில் பொறுப்பாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவருக்குக் கிடைத்தது கன்னத்தில் ஒரு தட்டல்.

அன்று மாலையே குடும்பங்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் நடந்ததை முழுசாக எழுதினேன். நகைச்சுவை எதுவும் சேர்க்காமல் நான் எழுதிய முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். ஒருவர் கட்டைவிரல் போட்டார். ஒருவர் கைகூப்பினார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற ஒரு மகள், "அக்கா பாவம்தான், ஆனாலும் அனுமதி இல்லாமல் ஒரு பெரியவரை வெளியே கொண்டுபோனது சரியா? நாளைக்கு என் அம்மாவைக் கொண்டுபோனால்?" என்று கேட்டார். அதற்குத்தான் கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. அந்த அம்மாவைத் தினமும் கழிப்பறைக்குக் கொண்டுபோனது யார் என்று எழுதினேன். மேடம் குழுவைப் பூட்டிவிட்டார்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். விடுப்புச் சீட்டைக் கொடுத்த வாரத்திலேயே அக்காவை நிறுத்தினார்கள். அனுமதியின்றி இல்லவாசியை வெளியே அழைத்துச் சென்றது என்பது காரணம். அவருடைய பைகளை என் வேனில் ஏற்றி, சி ரூசா என்ற கடலோர ஊரில், ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கிற அவர் தங்கையின் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சிரம்பானில் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். இல்லத்தின் பதிலில், அவர் ஊழியரே அல்ல, ஆதரவில்லாமல் இருந்ததால் குடும்பத்தில் ஒருவராகத் தங்கவைத்திருந்தோம், ஒத்தாசையாக இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அக்காவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இடது கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அவரால் தரையில் உட்கார முடியாது. அவர் இடத்துக்குக் கிம்மாஸ் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், அதே நடையில்தான் படுக்கிறார். அப்பாவை வேறு எங்காவது சேர்க்கலாம் என்று அலைந்தேன். பார்த்த இடங்களிலெல்லாம் நடையில் ஒரு மடக்குக் கட்டில் இருந்தது. அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது அவரால் நடக்க முடியாது. அந்தப் பெண் தினமும் அவரைத் தனியாகத் தூக்குகிறார்.